பிணங்களை எழுப்பும் நல்லவன்

1978-ம் ஆண்டு வெளியான ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ என்னும் விதிப்புத்தகத்தில், எலும்புக்கூடுகளையும் பிணங்களையும் எழுப்பி ஏவல்கொள்ளும் மந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் விளக்கத்தோடு ஓர் எச்சரிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இச்செயல் அடிப்படையில் நல்லதன்று, நல்வழி நிற்கும் பூசகர் தக்க காரணமின்றி இதைக் கையாளலாகாது என்பது அதன் சாரம். தடையில்லை, தண்டனையுமில்லை. யோசித்துச் செய் என்கிற ஒரு வரி, அவ்வளவுதான். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் ஐம்பதாண்டு வரலாற்றில் அந்த வரி பட்ட பாட்டைப் பின்தொடர்ந்தால், இருள் சக்தி கைவந்த நல்ல மனிதனை அந்த ஆட்டம் எப்படியெல்லாம் நடத்தியிருக்கிறது என்பது தெரியவரும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து வெளியிட்டது அது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்கிறார்கள். ஒருவர் ஆட்டநடத்துநர், உலகையும் எதிரிகளையும் வழிப்போக்கர்களையும் அவரே பேசுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவார்கள். வெற்றி தோல்வியைப் பகடை சொல்லும். கட்டியங்காரன் ஒருவனே பாதி வேடங்களையும் கட்டி ஆடுகிற, கதை முடிவு யாருக்கும் தெரியாத ஒரு கூத்து என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அறநிலையைத் தாளில் குறிக்க வேண்டும். தொடக்கத்தில் மூன்றே நிலைகள்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கதைகளிலிருந்து வந்த பிரிவினை இது. 1961-ல் மூர்காக் அறிமுகப்படுத்திய எல்ரிக், வெளிறிய உடலும் நோயும் கொண்ட ஓர் அரசன். அவன் கையிலிருக்கும் கருவாள் கொல்லப்படுவோரின் ஆன்மாவைக் குடித்து அவனுக்கு வலிமை ஊட்டுகிறது. வாளில்லாமல் அவனால் நிற்கக்கூட முடியாது. வாளிருந்தாலோ அவன் நேசித்தவர்கள் மிஞ்சுவதில்லை. காதலித்த பெண்ணையும் அதுவே பலிகொண்டது. மனச்சாட்சியுள்ளவன் கையில் இருள் சக்தி என்பதற்கு இதைவிடக் கூர்மையான உருவம் அந்தத் தலைமுறையில் எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். ஆட்டமோ அக்கதைகளிலிருந்து கட்சிப் பெயர்களை எடுத்துக்கொண்டது, துயரத்தை விட்டுவிட்டது. 1976-ல் நன்மை, தீமை என்ற இரண்டாவது அச்சும் சேர்ந்தது. 1978-ல் அது ஒன்பது கட்டங்களாக விரிந்தது.

கட்டம் போட்டால் யாரையாவது அதற்குள் அடைத்தாக வேண்டுமே! 1977-ல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ நம் ராட்சதரையும் விட்டுவைக்கவில்லை. புலித்தலையோடு, சுங்கான் புகைத்தபடி, தீமைக் கட்டத்தில் அமர்ந்திருக்கிறார் அதில். விபீஷணனை அந்தப் பட்டியலில் எங்கே வைப்பது என்ற கேள்வி அவர்களுக்கு எழவேயில்லை.

எண்பதுகளில் வேறொரு புயல் அடித்தது. இவ்வாட்டம் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்ற பீதி அமெரிக்காவில் பரவியது. 1983-ல் இதற்கெனவே ஓர் எதிர்ப்பியக்கம் தொடங்கப்பட்டது. 1984-ல் ஜாக் சிக் ‘டார்க் டஞ்சன்ஸ்’ என்ற துண்டுச் சித்திரக்கதையை வெளியிட்டார். அந்தக் குற்றச்சாட்டுகளை வரிவரியாக மறுத்து மைக்கேல் ஸ்டாக்போல் அறிக்கை எழுதியது 1990-ல்தான். அதற்குள் நிறுவனம் பணிந்துவிட்டிருந்தது. 1989-ன் இரண்டாம் பதிப்பிலிருந்து நரகவாசிகளின் பழைய பெயர்கள் மறைந்தன. கொலைஞன் என்ற பாத்திர வகையும் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், இதே ஆண்டுகளில்தான் அந்நிறுவனத்தின் நாவல்கள் வழியே இருண்ட நாயகர்கள் வாசகர் மனத்தைப் பிடித்தார்கள். மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதிய 1984-ம் ஆண்டு நாவலின் ரெய்ஸ்ட்லின், காண்பதெல்லாம் மூத்து அழிவதையே காட்டும் மணற்கடிகாரக் கண்கள் கொண்டவன். எல்லோரையும் குத்திப் பேசுபவன், எல்லோரும் இழிவாக நினைக்கும் ஒரு குள்ளப் பெண்ணிடம் மட்டும் கனிவு காட்டுவான். 1988-ல் சால்வடோர் படைத்த டிரிஸ்ட், கொடுமைக்குப் பேர்போன இருள் எல்ஃப் குலத்தில் பிறந்து அதை உதறி வந்தவன். அவனைப் படியெடுத்துப் பாத்திரம் படைத்தவர்கள் எத்தனை பேர் என்பது ஆட்டக்காரர்களிடையே இன்றும் ஓயாத கேலி. டிரிஸ்டைவிட ரெய்ஸ்ட்லின் ஒரு படி மேல் என்பேன். குலத்தின் பழியைச் சுமப்பவன் இரக்கத்துக்குரியவன்தான். ஆனால் அவன் கையிலிருப்பது வெறும் கத்தி. கையிலிருக்கும் சக்தியே கறைபடிந்தது என்னும்போது பிரச்சினை வேறு. நல்ல காரியத்துக்காக அதை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவன் எதையோ கொடுத்தாக வேண்டும்.

அந்த விலையை எண்ணிக் காட்டியவை வேறு ஆட்டங்கள். 1981-ல் சாண்டி பீட்டர்சனின் ‘கால் ஆஃப் கதுலு’வில் தடைசெய்யப்பட்ட நூல்களைப் படிக்கப் படிக்க அறிவு வளரும், சித்தத் தெளிவின் உச்சவரம்பு அதே அளவுக்குக் குறையும். 1987-ன் ‘ஸ்டார் வார்ஸ்’ ஆட்டத்தில் கோபத்தோடு சக்தியைக் கையாண்டால் இருட்பக்கப் புள்ளி ஏறும். புள்ளி கூடக்கூடப் பகடையில் தப்பும் வாய்ப்புச் சுருங்கும். தவறினால் நம் பாத்திரத்தாள் நடத்துநர் கைக்குப் போய்விடும். 1991-ல் மார்க் ரெய்ன்-ஹேகன் படைத்த ‘வேம்பையர்: தி மாஸ்கரேட்’ இன்னும் நெருக்கமாக வந்தது. அதில் எல்லோருமே இரத்தம் குடித்து வாழ்பவர்கள். மனிதத்தன்மைக்கு ஓர் எண் உண்டு. கொடுஞ்செயலுக்குப் பின் உண்மையாகவே வருந்துகிறோமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். தவறினால் ஒன்று குறையும். பூஜ்யத்தைத் தொட்டால் அந்தப் பாத்திரம் நம்முடையதன்று. பசி தீராது என்பதையும் நல்லவனாக இருக்க விரும்புகிறோம் என்பதையும் ஒரே தாளில் எழுதிவைத்த ஆட்டம் அது.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வேறு வழியில் போயிற்று. 2000-ம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு, பிணமெழுப்பும் மந்திரத்துக்குத் ‘தீமை’ என்றே முத்திரை குத்தியது. நல்ல பூசகர் அதைச் சொல்லவே முடியாது; நல்ல மந்திரவாதி சொல்லலாம்! ஏன் இந்த ஓரவஞ்சனை என்று புத்தகத்தில் தேடிப் பயனில்லை. 2004-ல் வந்த வார்லாக் என்னும் பாத்திர வகை, தானோ முன்னோரோ செய்த இருள் உடன்படிக்கையால் வற்றாத சக்தி பெற்றவன். அவன் தீயவனாகவோ குழப்பத்தின் பக்கமோ இருந்தே தீர வேண்டும் என்றது விதி. 2008-ல் அந்தத் தளை அறுந்தது. 2014-ன் ஐந்தாம் பதிப்பில் வார்லாக் நரகத்தின் பிரபுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நல்லவனாகவே வாழலாம். பிரபு என்ன கேட்பான், மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு விதி எதையும் வகுக்கவில்லை. பிணமெழுப்புவது நற்செயலன்று என்ற பழைய வரியும் தடை நீங்கித் திரும்பிவந்தது. தீயவர்களே அதை அடிக்கடி செய்வார்கள் என்ற பின்னிணைப்போடு. 2020-ல் இருள் எல்ஃப்களையும் பிறவித் தீயவர்களாக இனிக் காட்டமாட்டோம் என நிறுவனமே அறிவித்தது.

இந்த விடுதலை எனக்கு உவப்பானதே. ஆனாலும் விலைச்சீட்டைக் கிழித்துவிட்ட பிறகு இருள் வெறும் ஒப்பனையாகிவிடும் ஆபத்து இருக்கிறது. கறுப்பு அங்கியும் சோகமான பூர்வகதையும், மற்றபடி எல்லோரையும்போலத் தீப்பந்து எறிவதும்! புத்தகம் விலகிக்கொண்டால் கணக்குக் கேட்கும் வேலை மேசைக்கு வந்துசேர்கிறது. நல்ல நடத்துநர் அதை விதியின் இடுக்கிலிருந்தே எடுப்பார்.

எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பில் எழுப்பிய பிணம் இருபத்துநான்கு மணிநேரமே கட்டுப்படும். அதற்குள் மறுபடி மந்திரம் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் நான்கு பிணங்கள் வரை கட்டுக்குள் நிற்கும். ஐந்தாம் நிலைப் பூசகன் ஒருவன், கொள்ளையரிடமிருந்து ஒரு சிற்றூரைக் காக்க, அவ்வூர் இடுகாட்டிலிருந்தே மூன்று நாளில் நான்கு கூடுகளை எழுப்பி ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்கிறான். அந்த வலிமையுள்ள மந்திரம் நாளொன்றுக்கு இரண்டுதான் அவனுக்கு வாய்க்கும். நான்காம் நாள் போரில் ஒன்று செலவாகிவிட்டது. அந்திநேரத்தில் கடைசி அம்பு ஒரு சிறுவனைச் சாய்க்கிறது. இறந்து ஒரு நிமிடத்துக்குள் உயிரை மீட்கும் மந்திரமும் அதே வலிமைதான். அதற்கான வைரங்களும் அவன் பையில் இருக்கின்றன. மிச்சமிருப்பது ஒன்று. பையனை மீட்டால் இரவில் அந்த நான்கும் கட்டறுந்து ஊருக்குள் திரும்பும். எழுப்பியவனே முந்திக்கொண்டு அவற்றை அடித்து நொறுக்கலாம். ஆனால் இரண்டாவதாக நிற்கும் கூடு அந்தப் பையனின் தகப்பன் என்பது கரையில் நிற்கும் தாய்க்குத் தெரியும். நடத்துநர் நொடிகளை எண்ணத் தொடங்குகிறார்.