மேலரசும் பட்டமும்: தொடக்ககால ஆங்கிலோ-சாக்சன் மன்னர்கள்

1. பட்டியல்

நார்தம்பிரியத் துறவி பீட், கி.பி. 731இல் முடித்த தம் திருச்சபை வரலாற்றில், ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே மேலாதிக்கம் செலுத்திய ஏழு மன்னர்களை வரிசைப்படுத்துகிறார். சசெக்ஸின் எல்லி, வெசெக்ஸின் கியாவ்லின், கென்ட்டின் எதெல்பெர்ட், கிழக்கு ஆங்கிலியாவின் ரெட்வால்ட் ஆகிய நால்வருக்குப் பின், எட்வின், ஆஸ்வால்ட், ஆஸ்வியூ என மூவரும் நார்தம்பிரியர். இவர்களுக்கென்று தனிப் பட்டம் எதையும் அவர் தரவில்லை. 'பிரெட்வால்டா' என்ற சொல், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் காலத்து வெசெக்ஸில் தொகுக்கப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில்தான் வருகிறது. அது எட்டாமவராகச் சேர்க்கும் எக்பெர்ட், ஆல்ஃபிரட்டின் பாட்டனார்! இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிற்கால ஆய்வாளர் சிலர் ஒரு நிலையான பதவியையே கட்டி எழுப்பினர். அதற்கு ஆதாரம் போதாது.

பட்டியலில் மெர்சிய மன்னர் ஒருவர்கூட இல்லை. எட்வினையும் ஆஸ்வால்டையும் போரில் வீழ்த்திய பெண்டாவுக்கு அதில் இடமில்லை. தம் காலத்தில் தென்னாட்டு அரசுகள் அனைத்தும் மெர்சியாவின் எதெல்பால்டுக்கு அடங்கியிருந்ததாக நூலின் இறுதியில் பீடே எழுதுகிறார். பட்டியலில் அவரையும் சேர்க்கவில்லை.

2. ஆதிக்கத்தின் தன்மை

திறை, படைத்துணை, கொடைக்கு ஒப்புதல் இவையே மேலரசின் உள்ளடக்கம். அது ஆளோடு வந்தது, ஆளோடு போனது. 655இல் பெண்டா களத்தில் மாண்டதும் மெர்சியா ஆஸ்வியூவின் கைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில் மெர்சியப் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்து பெண்டாவின் மகன் உல்ஃபியரை அரியணை ஏற்றினர்.

3. பட்டயச் சான்று

மேலரசை அளக்க, மேலிருப்பவரின் விருதுகளைவிடக் கீழிருப்பவரின் பட்டம் தேய்வதே நம்பத்தக்க சான்று என்பது என் கருத்து. 736ஆம் ஆண்டின் இஸ்மியர் பட்டயத்தைப் பாருங்கள். மடம் அமைக்க நிலம் வழங்கும் எதெல்பால்டு, மெர்சியர்க்கு மட்டுமன்றித் தென் ஆங்கிலேயர் அனைவருக்கும் அரசன் என்று அதில் குறிக்கப்படுகிறார். சாட்சிப் பகுதியில் அவர் 'பிரித்தானியாவின் அரசர்'. ஸ்காட்லாந்தின் வடகோடிவரை அவர் ஆணை சென்றதாக எவரும் சொல்லமாட்டார். அது எழுத்தரின் ஆர்வம். அதே பட்டயத்தில் ஹ்விக்கே நாட்டு எதெல்ரிக், 'சிற்றரசன்', எதெல்பால்டின் 'தோழன்' என்று சாட்சியாக நிற்கிறார். அவர் தந்தை ஓஷெர் அந்நாட்டின் அரசராகவே குறிக்கப்பட்டவர்.

மெர்சிய மன்னர் ஒஃபாவின் காலத்தில் இந்தச் சரிவு இன்னும் கூர்மையானது. சசெக்ஸில் அரசனாக இருந்த ஒஸ்மண்ட், 772இல் வெறும் தலைவன். கென்ட் மன்னர் எக்பெர்ட் வழங்கிய நிலத்தை ஒஃபா பறித்துக்கொண்டார். தன் பணியாள் தன் சாட்சியின்றி நிலத்தைப் பிறருக்குத் தந்தது தவறு என்பது அவர் வாதம். இதைச் சொல்வது 799ஆம் ஆண்டின் பட்டயம். ஒஃபாவுக்கு 'ஆங்கிலேயரின் அரசர்' என்ற பட்டம் தரும் ஆவணங்கள் பலவும் பிற்காலப் படைப்புகள். அவருடைய அதிகாரத்துக்கு அந்தப் பட்டம் தேவைப்படவும் இல்லை.

4. எக்பெர்ட்

குறிப்பேடு 'பிரெட்வால்டா' என்று புகழும் வெசெக்ஸின் எக்பெர்ட் மெர்சியாவை வென்றது 829இல். மறு ஆண்டே மெர்சிய அரசு மீண்டும் அதன் பழைய மன்னர் விக்லாஃபின் கைக்குப் போனது. இதையும் பதிவு செய்திருப்பது அதே குறிப்பேடுதான்.