மண்கோட்டையும் மங்கலதேவி கோட்டமும்

சூரிச்சில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் போன மாதம் ஒரு படம் அனுப்பினான். ஜெனீவா ஏரி. தண்ணீரை ஒட்டிய பாறையில் கூம்புக் கூரைகளோடு ஒரு கோட்டை, பின்னால் பனி போர்த்திய ஆல்ப்ஸ். ஷியோன் கோட்டையாம். "மாமா, நம்ம ஊர்லயும் மலை இருக்கு, குளம் இருக்கு. கோட்டை மட்டும் ஏன் இல்ல?" என்று கீழே ஒரு வரி. பதில் எழுத உட்கார்ந்தேன். அது வாட்ஸ்அப்பில் அடங்கவில்லை. இந்த வார அத்தியாயமாகிவிட்டது.

மலை, குளம் இரண்டிலும் அவன் சொன்னது சரி. பெரியகுளத்தில் மொட்டை மாடி ஏறினால் வடக்கே கொடைக்கானல் மலை மதில்போல எழுந்து நிற்கும். ஊர்ப் பெயரே குளம்தான். மலை உச்சியில் இருக்கும் ஏரிதான் இரவல் சரக்கு. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் தன் நாட்டு நினைப்பில் 1863-இல் ஓடையை மறித்து அதை உண்டாக்கினார். அதற்கும் முன்னால், 1821-இல், லெப்டினன்ட் வார்டு நில அளவைக்காக அந்த மலைக்குப் போனது நம்ம கும்பக்கரைப் பக்கமிருந்து வெள்ளகவி வழியாகத்தான். கொடைக்கானலுக்கு வாசல் பெரியகுளம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெருமை பேசுவதில் தப்பில்லை.

கோட்டை இருந்ததா? இருந்தது. ஒன்றா இரண்டா? வராக நதிக்கு அந்தப் பக்கம் வடகரைப் பாளையம். தள்ளிப் போனால் போடிநாயக்கனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், கம்பம், கூடலூர். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரைச் சீமையை 72 பாளையமாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் ஆளுக்கொருவரைக் காவல் வைத்தார்கள் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே உள்ள செய்தி. வடகரைக் குடும்ப வரலாற்றில் ராமபத்திர நாயக்கர் என்றொருவர் வருகிறார். கம்பம் கோட்டையைப் பிடிக்கும் சண்டையில் முன்னால் நின்று முகத்தில் காயம்பட்டார், அதற்குப் பரிசாகக் கிடைத்ததுதான் வடகரை என்பது அந்தக் குடும்பம் சொல்லி வந்த கதை. முகத்தில் தழும்போடு ஒரு மனிதர் வராக நதிக்கரையில் வந்து இறங்கி, கோட்டைக்கு இடம் பார்த்து நிற்பதை அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

அவர் எதைக் கொண்டு கட்டியிருப்பார்? இங்கேதான் மருமகனின் கேள்விக்குப் பாதி விடை. பாளையக்காரர் கோட்டை பெரும்பாலும் மண். களிமண்ணையும் வைக்கோலையும் சேர்த்து, தண்ணீர் விட்டு மிதித்து, புளிக்கவைத்து, அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. மதிலுக்கு வெளியே கள்ளியும் கருவேலுமாக முள்காடு. குதிரை அதில் நுழையாது. நுழைந்த மனிதனும் சேதமில்லாமல் வெளியே வரமாட்டான். மண்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். கல்மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் தெறிக்கும், விரிசல் ஓடும். மண்மதிலில் குண்டு புதைந்து உள்ளேயே தங்கிவிடும். பாஞ்சாலங்குறிச்சியில் கும்பினிக்காரர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1799-இல் அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையை, 1801-இல் ஊமைத்துரையின் ஆட்கள் ஆறே நாளில் எழுப்பி நிறுத்தினார்கள். கல்கோட்டையில் நடக்கிற காரியமா இது?

ஆனால் மண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பூச வேண்டும். நாலு மழைக்காலம் விட்டால் மதில் மேடாகும். இன்னும் நாலு போனால் மேடும் வயலாகும். கோட்டைமேடு, கோட்டைத் தெரு என்று பெயர் மட்டும் தங்கும்.

பூசுகிற கையை நிறுத்தியது கும்பினி. திப்பு சுல்தானோடு 1792-இல் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை வெள்ளைக்காரர் கைக்குப் போனது. நம் பள்ளத்தாக்கும் அதில் அடக்கம். 1799-இல் மேஜர் பானர்மேன் தெற்கத்திப் பாளையக்காரர்களைக் கூட்டி, கோட்டைகளை இடியுங்கள், ஆயுதங்களை ஒப்படையுங்கள் என்று கட்டளை போட்டார். விருப்பாச்சி கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்ட 1801-ஆம் ஆண்டின் கடைசியில், டிசம்பர் 1-ஆம் தேதி, ஆயுதம் வைத்திருப்பதே குற்றம் என்று சென்னை கவர்னர் பிரகடனம் செய்தார். ஆயுதம் இல்லாதவனுக்குக் கோட்டை எதற்கு? 1840-களில் மதுரைக்கே அந்தக் கதி வந்தது. 72 கொத்தளக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார் கலெக்டர் பிளாக்பர்ன். இன்று மாரட் வீதியில் பஸ் பிடிக்க ஓடுகிறோமே, அந்த வீதியெல்லாம் அப்படி வந்ததுதான்.

ஷியோனும் கை மாறிய கோட்டைதான். சவாய் பிரபுக்களிடமிருந்து 1536-இல் பெர்ன் நகரத்தார் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அதை இடிக்கவில்லை. ஆயுதக் கிடங்கு ஆக்கினார்கள், சிறை ஆக்கினார்கள். 1816-இல் பைரன் வந்து பார்த்து, அங்கே அடைபட்டிருந்த பொனிவார் என்பவரைப் பற்றிக் கவிதை எழுதினார். அதைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். பெர்ன்காரனுக்குப் பிடித்த கோட்டை உதவியது. கும்பினிக்காரனுக்குப் பிடித்த கோட்டை பயம் தந்தது. கல், மண் வித்தியாசத்தைவிட இதுதான் பெரிய வித்தியாசம் என்பது என் கணக்கு. கல் என்பதால் மட்டும் கோட்டை பிழைத்துவிடாது. நம் பக்கத்தில் மிஞ்சிய பெரிய கல்கோட்டை திண்டுக்கல் மலைமேல் நிற்கிறது. அது பிழைத்ததும் கும்பினிப் பட்டாளம் அங்கே குடியிருந்ததால்தான்.

சரி, கோட்டை போனது, அரண்மனை? 1802-இல் நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. தப்பிய பாளையக்காரர்கள் ஜமீன்தார் ஆனார்கள். சண்டை வேலை இல்லை. கிஸ்தி கட்ட வேண்டும், மிச்சத்தில் அரண்மனை கட்டலாம். போடிநாயக்கனூர் அரண்மனைச் சுவரில் ராமாயணம் ஓவியமாக இருக்கிறது. அந்த ஜமீனின் காமுலம்மாள் பெயரில் ஊரில் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே போடியில் நடந்துபோகிறவர்களில் எத்தனை பேர் அந்த அரண்மனைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கண்டமநாயக்கனூர், அதாவது இன்றைய கண்டமனூர், அப்படியில்லை. வடவீர பொன்னையாவின் 'வருசநாட்டு ஜமீன் கதை' படித்தவர்களுக்கு அந்த ஊரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அங்கே இடிந்த சுவர்களுக்கு முன்னால் நின்றபோது டீக்கடையில் ஒரு பெரியவரிடம், "அய்யா, இது எப்ப இடிஞ்சது?" என்று கேட்டேன். "இடிஞ்சதுன்னு ஒரு நாளைச் சொல்ல முடியாது தம்பி. யாரும் வெளக்கேத்தல, அம்புட்டுதான்" என்றார். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, வருமானம் நின்றது என்று நான் பத்தி பத்தியாக எழுத நினைத்திருந்ததை அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

ஏரிக்கு நடுவே அரண்மனைதான் வேண்டும் என்றால் மருமகன் தேக்கடிக்குப் போகலாம். திருவிதாங்கூர் மகாராஜாவின் கோடை மாளிகை இடப்பாளையத்தில் இருக்கிறது. படகில் போக வேண்டும். இப்போது ஓட்டல், வாடகை கேட்டதும் நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அந்த ஏரிக்கு வயது குறைவு. 1886-இல் 999 வருடக் குத்தகை எழுதி, அடுத்த ஆண்டு வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் பென்னிகுயிக் முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கிய தண்ணீர் அது. மலையைக் குடைந்து அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல். கூடலூர், கம்பம் பக்கம் பொங்கலுக்குப் பென்னிகுயிக் படத்துக்குப் பொங்கல் வைக்கிறார்கள். எந்த ஜமீன்தாருக்கும் வைத்து நான் பார்த்ததில்லை.

அந்த ஏரிக் காட்டின் கிழக்கு விளிம்பில், கூடலூருக்கு மேலே, 1,300 மீட்டருக்கும் அதிக உயரத்தில் ஒரு கற்சிதைவு இருக்கிறது. மங்கலதேவி கண்ணகி கோட்டம். கோட்டை தேடிப் புறப்பட்டவனை நான் கூட்டிப் போக நினைப்பது இந்தக் கோட்டத்துக்குத்தான்.

வருடத்தில் ஒரே நாள்தான் வழி திறக்கும்: சித்ரா பௌர்ணமி. கோயில் யாருக்குச் சொந்தம் என்று தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் வழக்கு தீராததாலும், சுற்றிலும் புலிக் காடு என்பதாலும் தேனி, இடுக்கி கலெக்டர்கள் கூடிப் பேசி அந்த ஒரு நாளுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகும். கூடலூர் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தால் ஆறரை கிலோமீட்டர் சொச்சம், முழுக்க ஏற்றம். நான் நடந்து போனேன். முதல் ஒரு மணி நேரம் பக்தி, அடுத்த ஒரு மணி நேரம் முழங்கால் வலி. அதற்கப்புறம் மரங்கள் குறைந்து புல்மேடு வந்தது. திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு கீழே பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு, நெல் வயல்.

மேலே பெரிய கோபுரம் எதுவும் இல்லை. சாந்து பூசாமல் அடுக்கிய கருங்கல் சன்னதிகள் கூரை போய், சுவர் சரிந்து நிற்கின்றன. தூண்களும் போதிகைகளும் புல்லில் உருண்டு கிடக்கின்றன. ஒரு சன்னதியில் தமிழ்நாட்டுப் பூசாரி, இன்னொன்றில் கேரளத் தந்திரி. அங்கே கண்ணகி, இங்கே பகவதி. இரண்டு வரிசையிலும் அதே ஜனங்கள் மாறி மாறி நிற்கிறார்கள்.

மதுரையை எரித்தபின் கண்ணகி மேற்கு வாசல் வழியாக வெளியேறி வைகைக் கரையோடு பதினான்கு நாள் நடந்து மலையேறினாள் என்பது சிலப்பதிகாரச் செய்தி. வைகையைப் பிடித்து மேற்கே நடந்தால் வந்து சேருமிடம் நம்ம பள்ளத்தாக்குதான். தஞ்சைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் புகாரிலிருந்து அந்தத் தடத்தைத் தேடி வந்து, 1963-இல் இந்தச் சிதைவைக் கண்ணகி கோட்டம் என்று உலகுக்குச் சொன்னார். இப்போது நிற்கும் கட்டடம், கண்ணகிக்குக் கோயில் எடுத்ததாகக் காப்பியம் சொல்லும் சேரன் செங்குட்டுவன் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. பாண்டியர் பாணி தெரிகிறது. கொடுங்கல்லூரே கண்ணகி கோயில் என்பாரும் உண்டு. செங்குட்டுவன் விழாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் கயவாகுவின் இலங்கையில் அவள் பத்தினித் தெய்வமாக இன்றும் கும்பிடப்படுகிறாள். இந்தச் சர்ச்சையில் நீதிபதியாக உட்கார எனக்குத் தகுதியில்லை. ஆனால் கூடலூர்க் கிழவிகள் யாருடைய ஆராய்ச்சிக்கும் காத்திராமல் ஏறிக்கொண்டிருந்தவர்கள் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்வேன். பாதையில் எனக்கு முன்னால் போன அம்மாவுக்கு எழுபதுக்குக் குறையாது. "எத்தனாவது தடவை ஆத்தா?" என்றேன். "எண்ணிக்கிட்டா ஏறுவாக?" என்றது பதில்.

மாலையானதும் வனத்துறைக்காரர்கள் விசில் ஊதினார்கள். மங்கலக் கயிறும் வளையலும் வாங்கிய பெண்கள் முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கத் தொடங்கினார்கள். நான் சரிந்த சுவரைப் படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பப் பார்த்தேன். மலைமேல் சிக்னல் இல்லை. பளியன்குடிக்கு வந்த பிறகுதான் போனது.

இரவு பதில் வந்தது: "செம மாமா! டிசம்பர்ல லீவு. கூட்டிட்டுப் போறீங்களா?"

சித்திரையில் வா என்று எழுதியிருக்கிறேன்.

(தொடரும்)