வேலையில் இருந்துகொண்டே சைடு பிசினஸ்: மனைவி பெயரில் தொடங்கினால் போதுமா?

சம்பளம் இஎம்ஐ-க்கும் ஸ்கூல் ஃபீஸுக்குமே சரியா இருக்கு, கூடவே ஏதாவது பண்ணலாம்னு யோசிக்கிறீர்களா? முதலில் உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். வேறு தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதிலேயே இருக்கும். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 2022-ல் 300 பேரை விப்ரோ நீக்கியது நினைவிருக்கலாம். எழுத்துபூர்வமாக அனுமதி கேட்பதில் தப்பே இல்லை.

"அப்போ மனைவி பெயரில் ஆரம்பிச்சிடலாமே?" அவரே நடத்துகிறார் என்றால் தாராளமாக. ஆனால் முதலீடு நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பணம் என்றால், அதன் பங்குக்கான லாபம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும், வரியும் உங்களுக்குத்தான். நிஜமாகவே கடனாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதை எழுதி வையுங்கள். அவர் திருப்பித் தருவதும் வங்கி வழியாகவே நடக்கட்டும்.

உங்கள் பெயரில் என்றால் ஐடிஆர்-1 செல்லாது; 3 அல்லது 4. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சம்பளம் இந்தக் கணக்கில் வராது. பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், பொதுவாக முதல் ஆர்டருக்கே பதிவு தேவை. வீட்டில் செய்த தொக்கு, கேக் விற்கவும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு அவசியம். உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.