மூடின பள்ளமும் திரும்பி வராத சனமும்

நெடுஞ்சாலை ஒன்றுக்குக் கூரை போட்டு, அந்தக் கூரைக்கு மேலே ஒபிஸ், கடை, வீடு எல்லாம் கட்டப் போறம் எண்டு ஒருவர் சொன்னால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் வொஷிங்டன் நகரில் அதுதான் நடந்தது. அமெரிக்கக் கொங்கிரஸ் கூடுகிற கெப்பிட்டல் மாளிகையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், இன்டர்ஸ்டேட் 395 நெடுஞ்சாலை ஒரு ஆழமான பள்ளத்துக்குள்ளால் ஓடுகிறது. அதன் மேலே 7 ஏக்கர் பரப்பில் ‘கெப்பிட்டல் குரொசிங்’ என்ற திட்டம் வந்தது. ஐந்து கட்டடங்கள், 22 இலட்சம் சதுர அடி, 130 கோடி டொலர். “நகரத்தின் காயம் ஆறப் போகுது” என்ற மாதிரியான எதிர்பார்ப்பு அதைச் சுற்றிப் பல வருடம் இருந்தது.

காயம் என்றால், அதை ஆர் உண்டாக்கினது? அதிலிருந்து தொடங்கினால்தான் இந்தக் கதை விளங்கும்.

பள்ளம் வந்த கதை

வொஷிங்டனின் தெருக்களை 1791இல் பியேர் லொன்ஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர் திட்டமிட்டார். குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற எழுத்துத் தெருக்கள், எண் தெருக்கள், அவற்றை ஊடறுக்கிற அகன்ற அவெனியூக்கள். நாங்கள் பேசுகிற இடத்தில் எஃப் தெருவும் ஜீ தெருவும் இடைவெளியில்லாமல் கிழக்கு மேற்காக ஓடின. யூனியன் ஸ்டேஷன் போன்ற பெரிய கட்டட வேலைகளுக்கு வந்த இத்தாலியக் கொத்தனார்களும் கல் வேலைக்காரரும் இந்த அயலில்தான் குடியிருந்தார்கள். அவர்களுடைய ஹோலி ரோசரி தேவாலயம் இன்றைக்கும் அங்கே நிற்கிறது.

1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. இன்டர்ஸ்டேட் வீதிகளுக்கான செலவில் 90 வீதத்தை மத்திய அரசாங்கம் தரும். நூறு டொலர் வீதிக்குப் பத்து டொலர் போட்டால் காணும் என்றால் எந்த நகரம் வேண்டாம் என்னும்? அதே காலத்தில் நகரின் தென்மேற்குப் பகுதியில் ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் ஏறத்தாழ 23,000 பேர் கிளப்பப்பட்டார்கள். பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். அந்த நிலத்துக்கு ஊடாகவும் நெடுஞ்சாலை போனது.

இன்னொரு விசயத்தையும் சேர்த்துப் பார்க்க வேணும். அந்த நேரத்தில் வொஷிங்டன் மக்களுக்குத் தாங்கள் தெரிவு செய்த மேயரோ நகரசபையோ இல்லை. நகரத்தின் காசும் முடிவும் கொங்கிரஸின் கையில். தெரிவு செய்யப்பட்ட மேயர் ஒருவர் 1975இல்தான் பதவிக்கு வந்தார். வாக்கில்லாத ஊருக்கு நடுவால் வீதி வெட்டுவது லேசு.

ஆனாலும் சனம் சும்மா இருக்கவில்லை. ரெஜினால்ட் புக்கர், சாமி அபொட் போன்றவர்கள் முன்னின்ற அவசரகாலப் போக்குவரத்துக் குழு 1960களின் பிற்பகுதியில் தெருவில் இறங்கியது. கறுப்பர் வீடுகளை இடித்து வெள்ளையருக்கு வீதி போடாதே என்பதுதான் அவர்களுடைய சுலோகத்தின் சாரம். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நின்ற போராட்டம் அது. கென்டக்கி கொங்கிரஸ் உறுப்பினர் வில்லியம் நாச்சர், நெடுஞ்சாலை போட்டால்தான் மெட்ரோ ரயிலுக்குக் காசு என்று பிடிவாதமாக நின்றார். 1971 டிசம்பரில் கொங்கிரஸ் அவருடைய பிடியை மீறி வாக்களித்தது. மெட்ரோ 1976இல் ஓடத் தொடங்கியது. போடத் திட்டமிட்டிருந்த பல நெடுஞ்சாலைகள் வரைபடத்தோடு நின்றன.

நாங்கள் சொல்கிற இந்தப் பள்ளம் மட்டும் தப்பவில்லை. 1970களில் வீதி வந்தது. வடக்கே தொடர்ந்து போயிருக்க வேண்டிய பாதை கைவிடப்பட்டதால், அது நியூயோர்க் அவெனியூவில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. எஃப் தெருவும் ஜீ தெருவும் பள்ளத்தின் விளிம்பில் அறுந்தன.

மூன்று தரம் இடம்மாறின கட்டடம்

இந்தச் சரித்திரம் முழுவதையும் ஒரு சின்னச் செங்கல் கட்டடத்தில் பார்க்கலாம். 1876இல் ஆறாம் தெருவும் ஜீ தெருவும் சந்திக்கிற இடத்தில் அடாஸ் இஸ்ரேல் என்ற யூதத் தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. ஜனாதிபதி யுலிசஸ் கிராண்ட் திறப்பு விழாவுக்கு வந்தார். 1908இல் சபையார் பெரிய இடத்துக்குப் போனார்கள். கட்டடம் பிறகு கிறிஸ்தவ ஆலயமாக இருந்தது, கீழ்மாடியில் கடைகளும் இருந்தன.

1969இல் அந்தக் காணியில் மெட்ரோவின் தலைமையகம் வர இருந்தது. இடிக்க விடாமல் கட்டடத்தை அப்படியே தூக்கி மூன்றாம் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தது நெடுஞ்சாலைப் பள்ளத்தின் ஓரத்துக்கு. பிறகு பள்ளத்தை மூடுகிற திட்டம் வந்தது. 2016இல் திரும்பவும் நகர்த்தினார்கள். 2019 ஜனவரியில் மூன்றாம் தரம், மூன்றாம் தெருவும் எஃப் தெருவும் சந்திக்கிற மூலைக்கு. 2023 ஜூனில் திறந்த யூத அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக இப்போது அங்கே நிற்கிறது.

கட்டடத்துக்குச் சில்லுப் பூட்டலாம். அதைச் சுற்றி இருந்த அயலுக்குப் பூட்ட ஏலாது.

காற்றை விற்பது

நெடுஞ்சாலைக்கு மேலே கட்டுகிற உரிமையை ‘வான்வெளி உரிமை’ என்பார்கள். வீதி பொதுச்சொத்தாகவே இருக்கும். மேலே உள்ள வெற்றிடத்தைத் தனியார் கொம்பனி வாங்கும். இங்கே வாங்கியது பிராப்பர்ட்டி குரூப் பார்ட்னர்ஸ். கேட்க லேசாக இருந்தாலும் வேலை லேசில்லை. கீழே வாகனம் ஓட ஓட, மேலே உருக்குத் தீராந்தி போட்டுக் கொங்கிரீட் தளம் அமைக்க வேணும். மூடியவுடன் திறந்த வீதி சுரங்கமாகிவிடும். பிறகு புகையை இழுக்க விசிறி வேணும், தீயணைப்பு ஏற்பாடு வேணும். ஒரு கட்டடமும் எழும்ப முதலே, வெறும் நிலத்தை உண்டாக்கவே பெருங்காசு போய்விடும்.

அந்தக் காசை எடுக்க வேண்டுமென்றால் மேலே வருவது கூடின வாடகைக்குப் போக வேணும். திட்டத்தின் பெரும்பகுதி ஒபிஸாகவும், வீடுகள் ஏறத்தாழ 150 மட்டுமாகவும் இருந்ததற்கு இதுதான் காரணம். ஒருவருடைய கெட்ட மனதைத் தேடத் தேவையில்லை, கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

2014 வாக்கில் வேலை தொடங்கியது. தளம் போட்டார்கள், அறுந்த தெருக்களை இணைத்தார்கள். வடக்குத் துண்டில் இரண்டு ஒபிஸ் கோபுரங்கள் முதலில் எழும்பின. அதில் ஒன்றுக்கு வந்து குடியேறியது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம், எண்ணெய்க் கொம்பனிகளின் சங்கம். நெடுஞ்சாலைக்குத் தலைக்கு மேலே அவர்கள்! பிறகு 2020இல் பெருந்தொற்று வந்து ஒபிஸ்களைக் காலியாக்கியது. மிச்சக் கட்டடங்கள் காத்திருந்தன.

எங்களுக்குப் படுகிறது

பள்ளத்தை மூடினது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு பிள்ளை எஃப் தெருவால் நேராக நடந்து போகலாம் என்பது நல்ல விசயம்தான். எங்கட கரைச்சல் ‘ஆற்றுதல்’ என்ற சொல்லோடு. 1956இல் காசுக் கணக்கு வீதியைக் கேட்டது, சனம் போனது. அரை நூற்றாண்டு கழித்து வேறொரு காசுக் கணக்கு ஒபிஸைக் கேட்டது, கோபுரம் வந்தது. இரண்டு தரமும் அங்கே குடியிருந்த ஆட்களை வைத்துக் கணக்குத் தொடங்கவில்லை.

அந்த நகரத்தில் உண்மையில் ஆறின இடங்கள் எவை என்று கேட்டால், வீதி வராமலே தடுக்கப்பட்ட அயல்களைத்தான் காட்ட வேணும். புரூக்லண்டில் நெடுஞ்சாலைக்கென்று எடுத்த வீடுகள் நெடுஞ்சாலையாக மாறவில்லை. அங்கே கூரை போட ஒரு பள்ளமும் இல்லை. அதைச் செய்தது 130 கோடி டொலர் இல்லை, வாக்குரிமைகூட முழுதாக இல்லாத சனம் கூட்டம் கூட்டமாய்த் தெருவில் இறங்கினது. அடுத்த முறை மினுமினுக்கிற திட்டப் படம் ஒன்றைப் பார்க்கையில், அந்தப் படத்துக்குக் கீழே முதல் ஆர் இருந்தவை எண்டு ஒருக்கால் கேட்டுப் பார்ப்பம்.