216 வழிகள்

நிகழ்தகவு பற்றிய கணிதம் இன்று காப்புறுதி, மருத்துவ ஆய்வு, வானிலை எதிர்வுகூறல் முதலிய பல துறைகளுக்கு அடித்தளமாக விளங்குகின்றது. ஆயின் அது வளர்ந்த தொட்டில் கலைக்கழகமன்று; சூதாட்ட மேசையே. நிகழக்கூடிய பேறுகள் அனைத்தையும் ஒன்றும் விடாது எண்ணுதலே அதன் முதற்படி. அவ்வாறு எண்ணப்பெற்ற பேறுகளின் தொகுதியை இக்காலப் பாடநூல்கள் மாதிரி வெளி என வழங்கும். எளிதெனத் தோன்றும் இம்முதற்படியிலே பேரறிஞரும் இடறியதுண்டு.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டுச் சூதாடுவோரிடையே ஓர் ஐயம் நிலவியது. மூன்று தாயக்கட்டைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 ஆவதற்குரிய எண்சேர்க்கைகள் ஆறு: 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. கூட்டுத்தொகை 10 ஆவதற்கும் ஆறே: 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. ஆகவே இரண்டும் சம அளவில் வருதல் வேண்டும். ஆயினும் நெடுங்காலம் ஆடிப் பழகியோர் 10 சற்று மிகுதியாக வருவதைக் கண்டனர். கணக்கு ஒன்றைக் கூற, அனுபவம் வேறொன்றைக் கூறியது. எதனை நம்புவது?

இவ்வினா வானியலறிஞர் கலிலியோவிடம் வந்தது. அவர் அனுபவத்தைப் புறக்கணிக்கவில்லை. எண்ணிய முறையையே ஆராய்ந்தார். மூன்று கட்டைகளும் தனித்தனியானவை. அவற்றுக்கு வெள்ளை, சிவப்பு, கறுப்பு என நிறந்தீட்டியதாகக் கொண்டால் உண்மை விளங்கும். 3-3-3 என்பது ஒரே வழியில் மட்டுமே விழும். 1-4-4 என்பதில் 1 எந்தக் கட்டையிலும் விழலாம். எனவே மூன்று வழிகள். 1-2-6 ஆறு வழிகளில் விழும். மூன்று கட்டைகளும் விழக்கூடிய வழிகள் மொத்தம் 216. அவற்றுள் 9க்கு உரியவை 25. 10க்கு உரியவை 27. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றிலுங் குறைவு. அத்துணைச் சிறு வேறுபாட்டையும் ஆட்டக்காரரின் கண் கண்டுகொண்டது. அதன் காரணத்தைக் கணிதம் காட்டியது.

1654ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டறிஞர் பஸ்காலும் பேர்மாவும், இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதுபற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். இத்துறை ஒழுங்கான கணிதமாக உருப்பெற்றது அக்கடிதங்களாலேயே எனலாம்.

அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1754இல், புகழ்பெற்ற கணிதவியலார் தலம்பேர் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை வரைந்தார். ஒரு நாணயத்தை இருமுறை சுண்டுவதில் ஒருமுறையேனும் தலை விழும் வாய்ப்பு யாது? முதன்முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஆதலின் தலை, பூ-தலை, பூ-பூ என மூன்று பேறுகளே உள எனவும், வாய்ப்பு மூன்றில் இரண்டு எனவும் அவர் வாதிட்டார். அம்மூன்றும் சம வாய்ப்புடையன அல்ல என்பதே அவர் காணத் தவறியது. முதன்முறை தலை விழுதல் பாதி வாய்ப்புடையது; ஏனைய இரண்டும் கால்வாசியே. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்காக எண்ணினாற்றான் பேறுகள் சமமாகும். சரியான விடை நான்கில் மூன்று.

1933இல் உருசிய அறிஞர் கொல்மொகொரோவ் இத்துறைக்கு உறுதியான அடிப்படை விதிகளை வகுத்தபோது, பேறுகளின் தொகுதியையே முதலில் வைத்தார்.

இரு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒவ்வொன்று என மூன்று பேறுகளே உள எனவும், அவை சமமானவை எனவும் எழுதும் மாணவன் இன்றும் வகுப்பறையில் உளன். அவனை அறிவிலி எனக் கடிதல் தகாது. அவன் பிழை தலம்பேரின் பிழைக்கு உறவுடையது. இரு நாணயங்களைக் கையிற்கொடுத்து நூறுமுறை சுண்டிக் குறித்துவரச் செய்தல் நன்று. ஏறக்குறைய ஐம்பது முறை ஒவ்வொன்றாக விழக்கண்டு, அவனே காரணத்தைத் தேடுவான். கலிலியோவின் காலத்துச் சூதாடுவோர் கேட்டதும் அதே கேள்விதான்.