கோடும் நிழலும்

பானையை வரையச் சொன்னால், சிறுவன் முதலில் அதன் விளிம்பைக் கோடாக இழுப்பான். பானையில் அக்கோடு எங்கே உள்ளது? ஒளிபடும் பக்கமும் நிழல் படிந்த பக்கமுமே அங்குள்ளன.

பஸ்ராவில் 965 அளவில் பிறந்து காஹிராவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைத்தம் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தார். கண் நேரே உணர்பவை ஒளியும் நிறமுமே; வடிவத்தையும் தொலைவையும் பகுத்துணரும் ஆற்றலே அறிகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' நூலில் விளக்கினார். அந்நூல் இலத்தீனுக்கும், 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழிக்கும் சென்றது. 15ஆம் நூற்றாண்டில் சிற்பி கிபெர்ட்டி அதன் பகுதிகளைத் தம் நூலில் எடுத்தாண்டார்.

அதே இத்தாலியில் லியோனார்டோ டா வின்சி, உருவத்தைக் கோட்டால் கட்டாது, விளிம்பைப் புகைபோல் நிழலில் கரையவிட்டார். 1503 அளவில் தொடங்கிய மோனா லிசாவின் இதழோரத்தில் கோட்டைக் காண்பது அரிது.

ஓவியம் பயிலும் பிள்ளை கண்ணைப் பாதி மூடிப் பார்க்கட்டும். நுணுக்கங்கள் மறைந்து, இருளும் வெளிச்சமும் பெரும் பரப்புகளாய்த் தெரியும். அவற்றை முதலில் கரியால் தீட்டினால் உருவம் தானே எழும். அப்போது லியோனார்டோவின் பெயரோடு இப்னுல் ஹைத்தமின் பெயரையும் அப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்போம்.