கொல்லிமலையிலிருந்து இறங்கிய கல்

கையில் எடுத்தால் காய்ந்த செம்மண் கட்டி போலத்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால் பட்டாணி பட்டாணியாக உருண்டைகள் தெரியும். விரலில் செந்தூள் ஒட்டும். இதற்குப் பெயர் பாக்சைட். நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் அலுமினியத் தாள், இப்படியொரு கல்லாகத்தான் ஏதோ ஒரு மலையுச்சியில் பிறந்தது.

கொல்லிமலையில் அது பிறந்தது கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே. சார்னோகைட் என்னும் கரும்பாறை பல லட்சம் ஆண்டுகள் மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்துபோனபின் உச்சியில் எஞ்சி நின்ற படிவம் அது. கெட்டிப் பாறையல்ல, துளைகள் நிறைந்தது. பெய்யும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அந்தக் கசிவை நம்பித்தான் கீழே ஊற்றும் ஓடையும் பள்ளத்து நெல்வயலும் இருக்கின்றன. மேட்டுச் சரிவில் சாமை, தினை, கேழ்வரகு, மரங்களில் மிளகுக்கொடி, வாசலில் பலா. ஆகாய கங்கையாக விழும் ஐயாறும் இந்த மலை சேமித்த தண்ணீர்தான்.

இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையையே ஊராகக் கொண்ட தமிழ் பேசும் மக்கள். வளப்பூர்நாடு, சேலூர்நாடு என்று நாடு நாடாகத் தங்கள் மலையைப் பிரித்து, ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுத்து வாழ்ந்து வந்தவர்கள்.

கல்லின் பயணத்தைத் தொடங்கி வைத்தது மேட்டூர். மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1960இல் உருவாகி, 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் அங்கே போனது. அலுமினியம் அன்றைய நாட்டுக்குத் தேவையான உலோகம். மின்கம்பியாக ஊர்களுக்கு வெளிச்சம் கொண்டுபோனது. குண்டானாகவும் தூக்குப்போசியாகவும் ஏழை வீட்டில் சோறு சுமந்தது. அதை மறுப்பதற்கில்லை.

மேட்டூரில் கல்லைப் பொடித்து, காஸ்டிக் சோடாவில் வேகவைத்தார்கள். வெள்ளைத் தூளாக அலுமினா பிரிந்தது, மிஞ்சியது செஞ்சேறு. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட் வேண்டும். அதில் இரண்டு டன் அலுமினா கிடைக்கும். காரம் நிறைந்த செஞ்சேறு எங்கும் பயணம் போவதில்லை. ஆலை ஓய்ந்தாலும் கொட்டிய இடத்திலேயே கிடக்கும். மேட்டூர் என்றால் காவிரிக்கரை. டெல்டா முழுவதும் எதிர்பார்த்திருக்கும் தண்ணீருக்குப் பக்கத்து இடம்.

அடுத்தது உலை. சுமார் 950 டிகிரி வெப்பத்தில் உருகிய குழம்பில் அலுமினாவைக் கரைத்து மின்சாரத்தைப் பாய்ச்ச வேண்டும். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 14,000 யூனிட். 2016இல் தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் உலோகம் குடிக்கும் மின்சாரம் ஒரு வீட்டின் 23 ஆண்டு இலவச மின்சாரம். இந்தியாவில் அந்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. புகை வானத்துக்குப் போகிறது.

வானம் கெடும்போது முதலில் அடிபடுபவர் யார்? ஏசி அறையில் இருந்துகொண்டு, உணவுச் செயலியில் வரவழைத்த சாப்பாட்டை அலுமினியப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுபவர் அல்ல. மழையை நம்பிச் சாமை விதைக்கும் மலைக்காரர். அந்தப் புகையில் அவர் பங்கு மிகக் குறைவு. ஆனால் மலையுச்சியையும் கொடுத்தவர் அவர். மழை தப்பினால் விதையை இழப்பவரும் அவர். பருவநிலை நீதி என்று உலக மாநாடுகளில் பேசப்படுவது இந்தக் கடனைப் பற்றித்தான்.

கொல்லிமலைச் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதி குறித்த பிரச்சினை நீதிமன்றம் போனது. 2008இல் சுரங்கம் நின்றது. மலை மக்களிடம் சம்மதம் கேட்டு எடுத்த முடிவு அல்ல அது. பழங்குடிப் பகுதிகளுக்கான அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டுப் பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் பழங்குடி கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொல்லிமலைக்கு எட்டவில்லை. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. உயர் நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் அதன்படி பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது.

சம்மதம் கேட்டால் என்ன நடக்கும் என்பதை ஒடிசாவின் நியம்கிரி காட்டியது. மேட்டூர் ஆலையைப் பின்னாளில் வாங்கிய அதே வேதாந்தா குழுமம் அங்கும் பாக்சைட் கேட்டது. கிராம சபைகள்தாம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. டோங்ரியா கோந்த் மக்களின் மலை தப்பியது. கொல்லிமலையில் முதல் கல்லை உடைக்கும் முன்பு இப்படி ஒரு கூட்டம் நடந்திருக்க வேண்டும். இனி எந்த மலையில் கை வைப்பதானாலும் நடந்தாக வேண்டும்.

கல்லின் பயணம் இங்கே முடியவேண்டியதில்லை. பழைய அலுமினியத்தை உருக்க, புதிதாகச் செய்ய ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு போதும். நம் பாட்டிமார் நசுங்கிய குண்டானைத் தட்டி நிமிர்த்தினார்கள். ஓட்டை விழுந்தால் அடைத்தார்கள். அதற்கும் ஆகாதபோது தெருவில் வரும் வண்டிக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினார்கள். நாம் நான்கு இட்லியைப் பொதிந்து வந்த தாளைக் கசக்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு குப்பையில் எறிகிறோம். பல லட்சம் ஆண்டு மழை செய்த பொருளுக்கு நம் கையில் அரை மணி நேர வேலை. நாளை இட்லி வாங்கப் போகும்போது ஒரு தூக்குப்போசியை எடுத்துப் போகலாம். ஏதோ ஒரு மலையில் அந்த அளவு கல்லாவது ஊற்றுக்கு மேலேயே இருக்கட்டும்.